போத்தல்கள் வெடித்த நாளில் உன்னைப் பிடித்து நிறுத்தியது பற்றி

என் அன்பு கோகுலன்,

ஞாயிற்றுக்கிழமை செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷனில், பிரான்ஸ் ரெயிலில் ஏற, பயணப் பையை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, பாஸ்போர்ட் பார்க்கிற இடத்துக்குள் பாதி போன பிறகுதான் நீ அதைச் சொன்னாய். "அம்மா, அண்டைக்கு நீங்கள் என்னைப் பிடிக்காட்டிலும் நான் உள்ளுக்குப் போயிருக்க மாட்டன்." அவ்வளவுதான். பின்னால் நின்ற ஆட்கள் அவசரப்படுத்த, நீ திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாய். என்ன சொன்னவன் என்று அப்பா கேட்டார். சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொன்னான் என்று சொல்லிச் சமாளித்தேன். ரெயிலில் வீடு வரும்வரை அவர் பேப்பர் பார்த்தார். நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பதில் சொல்ல வேண்டும். போனில் சொன்னால் "ஓகே அம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். வாசித்து முடிக்கும்வரை எழுந்து போகாதே.

முதலில் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், பொறுத்துக்கொள். கெமிஸ்ட்ரி படித்து முடித்துவிட்டு நீ திராட்சை பிடுங்கப் போகிறேன் என்று நின்றபோது இந்த வீட்டில் யாருக்கும் அது விளங்கவில்லை. கோயிலில் கேட்டவர்களுக்கு, மகன் பிரான்சில் உணவு விஞ்ஞானம் சம்பந்தமாக ஏதோ செய்கிறான் என்று சொன்னேன். அது முழுப் பொய்யும் இல்லை. ஒவ்வொரு வருடமும் நீ பிரான்சின் ஷாம்பேன் பகுதியில் இருந்து வரும்போது முகம் கறுத்து, விரல் நகத்துக்குள் ஊதா ஏறி, சந்தோஷமாக வந்தாய். குசினி மேசையில் இருந்து எனக்குப் பாடம் எடுப்பாய். மூன்று திராட்சை முக்கியம் அம்மா, என்பாய். சார்டொனே வெள்ளை. பினோ நுவார் கறுப்பு. மெனியேயும் கறுப்பு, ஆனால் அதன் இலையைப் புரட்டினால் அடியில் மாப் பூசினதுபோல வெள்ளையாக இருக்கும், அதனால்தான் மா அரைக்கிறவனின் பெயரை வைத்தார்கள். கறுப்புத் திராட்சையில் இருந்து எப்படி வெள்ளை வைன் வரும் என்று நான் கேட்டேன். ஃபிரிட்ஜில் இருந்து ஒரு கறுப்புத் திராட்சையை எடுத்து, இரண்டு விரலால் மெதுவாக நசித்து, தண்ணீர்போல ஒரு துளியை என் உள்ளங்கையில் விட்டாய். நிறம் தோலில்தான் இருக்கிறது, அழுத்திக் கசக்கினால்தான் இறங்கும் என்றாய். கண் கிளினிக்கில் வாழ்நாள் முழுக்க வேலை செய்தவள் நான். பக்குவமாகத் தொடுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். உன் வேலையில் எனக்கு முதல்முதலாக ஒரு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

அந்த ஊரின் விதிகளையும் நீ அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாய். மெஷினால் பிடுங்கக்கூடாது, கையால்தான். குலையை உதிர்க்காமல் முழுதாக அழுத்தவேண்டும். ஒரு அளவு பழத்தில் இருந்து இவ்வளவு சாறுதான் எடுக்கலாம், அதற்குமேல் எடுத்தால் அந்தப் பெயரைப் போடமுடியாது. முதல் புளிப்பு தொட்டியில். பிறகு அளந்து சீனியும் ஈஸ்ட்டும் சேர்த்துப் போத்தலில் அடைத்தால், மூடிய போத்தலுக்குள்ளேயே இரண்டாவது தடவை புளிக்கும். அந்தக் காற்று வெளியே போக வழி இல்லாமல் வைனுக்குள்ளே கரைந்து நிற்கும். கார் டயருக்குள் இருக்கிறதைப்போல மூன்று மடங்கு அமுக்கம். அதனால் தடித்த போத்தல், அதனால் சுண்ணாம்புப் பாறைக்குள் வெட்டிய குளிர்ந்த நிலவறை, அதனால் குறைந்தது பதினைந்து மாதப் பொறுமை. அந்தக் காலத்தில் நிலவறைக்குள் போகிறவர்கள் முகத்துக்கு இரும்பு வலை போட்டுக்கொண்டுதான் போவார்களாம், ஒரு போத்தல் வெடித்தால் பக்கத்தில் இருக்கிறதும் வெடிக்கும் என்று சொன்னாய். நீ அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாய். நான் சிரிக்கவில்லை.

பிறகு நீ லண்டனுக்குத் திரும்பி வந்து, உன் சித்தி வதனியின் மகன் பிரசாந்தையும் சேர்த்துக்கொண்டு, மிச்சம் என்கிற இடத்தில் டிராம் பாதைக்குப் பின்னால் அந்தத் தகரக் கூரைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தாய். கென்ட் தோட்டங்களில் இருந்து அதே மூன்று வகைத் திராட்சை. ஷாம்பேன் என்ற பெயரைப் போட உனக்கு உரிமை இல்லை, அது அந்த மண்ணுக்கு மட்டும்தான். வதனி கூட்டத்தில் பெருமையாக "எங்கடை பிள்ளையளின்ரை ஷாம்பேன்" என்று சொன்னால் நீ உடனே திருத்துவாய். பெயர் இல்லாவிட்டாலும் விதி எல்லாவற்றையும் பிடிவாதமாகக் கடைப்பிடித்தாய். கையால் பிடுங்கினாய், குலையோடு அழுத்தினாய், முதல் சாற்றை மட்டும் எடுத்தாய். நிலவறை மட்டும் உன்னிடம் இல்லை. அதற்குப் பதிலாகக் கூரையில் ஒரு குளிரூட்டும் மெஷின் பூட்டினாய். அது நின்றால் என்ன செய்வது என்று நான் கேட்டதற்கு, நிற்காது அம்மா என்றாய்.

சீனி போட்ட நாளில் நானும் அங்கே இருந்தேன். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தேன். இரண்டு பெரிய தொட்டிகள் பக்கம் பக்கமாக நின்றன. நீங்கள் இரண்டு பேரும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டி வேலை செய்தீர்கள். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. அண்ணன் தம்பி வாய் திறக்காமலே வேலை செய்கிறார்கள் என்று நினைத்தேன். அது எவ்வளவு பிழை என்று பிறகுதான் எங்கள் எல்லோருக்கும் தெரிய வந்தது.

போன வருடம் அந்தச் சனிக்கிழமை எவ்வளவு வெக்கை என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பிரசாந் தனியாகக் கொட்டகையைத் திறக்கப் போயிருந்தான். அப்பா ஷிப்டில். பிரசாந் உனக்குப் போன் எடுத்து, மெஷின் நின்று போச்சு, ஒரு போத்தல் வெடித்து நிலம் ஈரமாகக் கிடக்கிறது, துண்டு பொறுக்கப் போய்க் கையை வெட்டிவிட்டது, பின்னறையில் கை கழுவிக்கொண்டு நிற்கிறேன் என்று சொன்னான். நீ அவனை அந்த அறைக்குள்ளேயே நிற்கச் சொன்னாய். கை வெட்டு என்றதும் நானும் மருந்துப் பையோடு காரில் ஏறினேன். சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஸ்டியரிங்கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாய்.

நாங்கள் இறங்கினபோது சத்தம் தொடங்கியிருந்தது. முதலில் தட்டத்தோடு கிளாசுகள் விழுந்தது போல ஒன்று. கொஞ்சம் இடைவெளி. பிறகு இரண்டு. பிறகு இடைவெளியே இல்லை. ஊரில் யுத்தத்தைக் கண்ட என் வயதுக்காரருக்கு அந்தச் சத்தம் எதைப்போல இருந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. பாதி திறந்து கிடந்த ஷட்டருக்கு அடியால் நுரையும் கண்ணாடியும் வெளியே வந்தன. போத்தல் அடுக்குக்கு அந்தப் பக்கம், கொட்டகையின் கடைசியில், பலகைக் கதவு போட்ட சின்ன அறை. அதற்குள் பிரசாந். ஷட்டருக்கும் அவனுக்கும் நடுவே முழு அடுக்கும் வெடித்துக்கொண்டிருந்தது. உன் போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவன் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. கதவிலே துண்டுகள் வந்து குத்துகிறது என்று சொன்னான். பிறகு, "அண்ணா, கழுத்திலை ஏதோ பட்டிட்டுது" என்றான்.

நீ போனைக் காரின் பொனட்டில் வைத்துவிட்டு ஷட்டரை நோக்கி நடந்தாய். ஓடவில்லை, நடந்தாய். நான் பின்னால் வந்து உன் இடது கையை என் இரண்டு கையாலும் பிடித்தேன்.

"அம்மா, விடுங்கோ."

"ஏலாது. நீ போகாதை."

"அவன் உள்ளுக்கு நிக்கிறான். சித்தியின்ரை பிள்ளை அம்மா."

"எனக்குத் தெரியும் ஆர் எண்டு. நீ போகக்கூடாது. நான் விடமாட்டன்."

போன் திறந்தே இருந்தது. அது எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது ஞாபகத்தில் இல்லை.

கண்ணாடி கண்ணுக்குள் போனால் என்ன நடக்கும் என்று நான் எத்தனை வருடம் பார்த்தவள். தாய்மார் வாசலில் நின்று, பார்வை வருமா வருமா என்று கேட்பார்கள். டொக்டர் வரும்வரை நான்தான் அவர்களோடு நிற்பேன். அந்த நிமிடத்தில் இதெல்லாம் யோசித்துத்தான் உன்னைப் பிடித்தேன் என்று சொன்னால் அது பொய். ஒன்றும் யோசிக்கவில்லை. உள்ளே இருந்தவன் என் தங்கச்சியின் பிள்ளை, வெளியே இருந்தவன் என் பிள்ளை, பிடிக்கிற தூரத்தில் நீ இருந்தாய். அவ்வளவுதான்.

யாரோ கூப்பிட்டு வந்த தீயணைப்புக்காரரும் உடனே உள்ளே போகவில்லை. அவர்களுடைய பெரியவர் ஒரு பெண். சத்தம் குறையும்வரை ஒருவரையும் விடமாட்டேன் என்றார். தூரத்தில் நின்று தண்ணீர் அடித்து அடுக்கைக் குளிர்த்தினார்கள். அந்த நேரம் முழுக்க நீ என்னைப் பார்க்கவில்லை. போனை எடுத்துப் பிரசாந்தோடு கதைத்துக்கொண்டே இருந்தாய். கழுத்தில் துணியை வைத்து அழுத்து, கதவுக்குப் பக்கத்தில் நிற்காதே, மேசையைச் சரித்துப்போட்டு அதற்குப் பின்னால் இரு என்று நான் சொல்லச் சொல்ல நீ சொன்னாய். அவன் என்னோடு கதைக்கவில்லை. நீ சொன்னதற்கு மட்டும் "ஓம்" என்றான். கடைசியில் முகக் கவசம் போட்ட இரண்டு பேர் உள்ளே போய் அவனைப் போர்வையால் சுற்றிக் கூட்டிவந்தார்கள். முகம் முழுக்க வெள்ளையாக இருந்தான். காதுக்குக் கீழே ஆழமான வெட்டு, கழுத்து நரம்புக்கு மிகக் கிட்ட. ஆம்புலன்சில் நீதான் ஏறினாய். நான் ஏறப் போனபோது அவன் கண்ணை மூடிக்கொண்டான். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இருந்து அவன் வீட்டுக்கு வந்த பிறகு நான் தனியாக நோர்பரியில் வதனி வீட்டுக்குப் போனேன். அங்கே என்ன நடந்தது என்று நீ கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். அதற்கில்லை. புண்ணைப் பார்க்கப் போனேன். வதனி கதவைத் திறந்தாள், ஆனால் வழி விடவில்லை. என்னைவிட ஆறு வயது இளையவள், நான் தூக்கி வளர்த்தவள், என்னை நேரே பார்த்துக் கேட்டாள்: "உன்ரை பிள்ளையை நீ பிடிச்சாய். என்ரை பிள்ளையை ஆர் அக்கா பிடிச்சது?" எனக்குப் பதில் இருக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. உள்ளே சோபாவில் இருந்த பிரசாந் அம்மாவைக் கூப்பிட்டு, விடுங்கோ, வரட்டும் என்றான். நான் அவன் பக்கத்தில் இருந்து கட்டை அவிழ்த்தேன். தையல் சுத்தமாக இருந்தது. கையில் வெட்டுப்பட்ட இடத்தையும் பார்த்தேன், சின்ன விரல் மடங்கவில்லை. புதுக் கட்டுப் போட்டு முடிக்கும்போது அவன் சொன்னான்: "நான் கேட்டனான் பெரியம்மா. போனிலை எல்லாம் கேட்டது."

"ஓம் தம்பி," என்றேன். "நான்தான் சொன்னனான்."

அவன் தலையை ஆட்டினான். கோபமாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. வதனி எனக்குத் தேத்தண்ணி தரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கோயிலில் அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அப்பா சமாதானம் செய்து பார்த்தார். முடியவில்லை.

மிஞ்சின போத்தல்களை நீ அழித்ததும் ஞாபகம் இருக்கிறது. மெஷினைத் திருத்தி, எல்லாவற்றையும் நன்றாகக் குளிரவைத்து, முகத்துக்குக் கவசமும் தடித்த தோல் அங்கியும் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் திறந்து வடிகாலில் ஊற்றினாய். புதிதாகச் சுட்ட பாணும் அப்பிளும் சேர்ந்ததுபோல ஒரு மணம் தெரு முழுக்க இருந்தது. இரண்டாவது தொட்டியில் இருந்து அடைத்த அடுக்குக்கு வந்தபோதுதான் அது தெரிந்தது. மூடியைத் திறந்தால் சத்தமே இல்லை. ஒரு குமிழிகூட இல்லை. அந்தத் தொட்டிக்கு யாருமே சீனி போடவில்லை. வெடித்த தொட்டிக்கு இரண்டு பேரும் போட்டிருக்கிறீர்கள். யார் தொட்டி மாறினது என்று உனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. தெரியாமல் இருப்பது நல்லது என்று அப்பா நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தெரிந்திருந்தால் ஒருவர் குற்றம் ஒருவரோடு போயிருக்கும். தெரியாததால் நீங்கள் இரண்டு பேரும் முழுக் குற்றத்தையும் ஆளுக்கொன்றாகச் சுமக்கிறீர்கள். போகிற இடத்தில், கோகுலன், எதைச் செய்தாலும் பக்கத்தில் நிற்கிறவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டுச் செய். நான் போட்டுவிட்டேன், நீ போடாதே. இவ்வளவுதான் தேவைப்பட்டது.

இப்போது நீ ஸ்டேஷனில் சொன்னதற்கு வருகிறேன். நான் பிடிக்காவிட்டாலும் போயிருக்க மாட்டேன் என்று சொன்னாய். ஒரு வருடமாக அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாய் என்று விளங்கியது. நீ என்னைவிட உயரம், பலம். ஒரு உதறு உதறியிருந்தால் நான் தரையில் விழுந்திருப்பேன். நீ உதறவில்லை. அதனால் உனக்குள்ளே ஒரு கோழை இருந்தான், அம்மாவின் கை அவனுக்கு வசதியாக வந்து சேர்ந்தது என்று நீயே ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறாய். அதை நான் எழுந்து நின்று மறுக்கிறேன். நீ எவ்வளவு இழுத்தாய் என்று உனக்குத் தெரியாது. பிடித்தவளுக்குத்தான் தெரியும். என் செருப்பு அந்த ஈரத்தில் வழுக்கி, உன்னோடு இரண்டு மூன்று அடி நானும் ஷட்டர்ப் பக்கம் இழுபட்டு வந்தேன். என் வலது தோள் மாதக்கணக்காக நொந்தது, மழையில் குளிர் பட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். உன் கையில் என் நகம் பதிந்த இடம் எவ்வளவு நாள் இருந்தது என்று நினைத்துப் பார். சும்மா நிற்கிறவன் கையில் அப்படிப் பதியாது. நீ போகப் போனாய். நான் விடவில்லை. இதைத் திருப்பி வைத்து யோசிக்காதே.

அதற்காக நான் வருந்துகிறேன் என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்குமோ தெரியாது. ஆனால் வருந்தவில்லை. வதனியின் கேள்விக்கு எனக்குப் பதில் இல்லை என்றேன், அது வேறு. பிரசாந்தின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள்ளே ஏதோ சுருங்குகிறது, அதுவும் வேறு. நாளைக்கு அதே கதவு, அதே சத்தம், அதே நீ என்றால் நான் அதே கையைத்தான் பிடிப்பேன். வதனி என் இடத்தில் நின்றிருந்தால் பிரசாந்தைப் பிடித்திருப்பாள், அதுவும் அவளுக்குத் தெரியும், அதனால்தான் அவளுக்கு இவ்வளவு கோபம் என்று நினைக்கிறேன். நீ சுமக்க வேண்டியதைச் சும. சீனியைச் சும, மெஷினைச் சும. உள்ளே போகாததை என்னிடம் தந்துவிடு. அது என்னுடையது.

ஷாம்பேனில் எப்பர்னே ஊருக்குப் பக்கத்தில் வைன் செய்கிற அந்த அம்மா உன்னை வேலைக்கு எடுக்கும்போது, முன்பு விபத்து ஏதும் நடந்ததா என்று கேட்டதாகவும், நீ ஒன்றையும் மறைக்காமல் சொன்னதாகவும் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாய். அவர் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை வா என்றாராம். நல்லது. அங்கே உனக்குத் தடித்த போத்தல் இருக்கும், குளிர்ந்த பாறை இருக்கும், சீனியை அளக்கிறவரை இன்னொருவர் சரிபார்ப்பார். இங்கே நீ தனியாக நின்று கடைப்பிடித்த விதிகளை அங்கே ஒரு ஊரே கடைப்பிடிக்கிறது. அந்த ஊருக்குள் கொஞ்சக்காலம் இரு. உன் பெயரில் ஒன்று தொடங்க அவசரப்படாதே.

இங்கே நிறுத்தலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று வதனி போன் எடுத்தாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் பெயர் என் போனில் வந்தது, யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று நினைத்துத்தான் எடுத்தேன். சுகம் விசாரிக்கவில்லை. நேரே விஷயத்துக்கு வந்தாள். செப்டம்பரில் திராட்சை பிடுங்க உன்னிடம் போகப்போகிறேன் என்று பிரசாந் நிற்கிறானாம். நீ ஓம் என்று சொல்லிவிட்டாயாம். எனக்கு நீ ஒரு சொல்லும் சொல்லவில்லை.

"போகவிடட்டோ அக்கா?" என்று கேட்டாள்.

யோசித்துப் பார், கோகுலன். போகட்டும் என்று சொன்னால், உன் பிள்ளையைப் பிடித்தாய், என் பிள்ளையை விடச் சொல்கிறாயா என்று அவள் கேட்கலாம். வேண்டாம் என்றால் அவனுக்கும் உனக்கும் நடுவில் நான் இரண்டாவது தடவை வந்து நிற்பேன். என்ன செய்வது என்று தெரியாமல் உண்மையைச் சொன்னேன். "எனக்கு விடச் சொல்லத் தெரியாது வதனி. பிடிக்க மட்டும்தான் தெரியும்."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் வீட்டு டீவி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு, "எனக்கும்தான்" என்றாள். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, அங்கே செப்டம்பரில் காலமை குளிருமோ, அவனிடம் நல்ல ஜக்கெற் ஒன்றும் இல்லை, வாங்கவேண்டுமோ என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உடனே எழுது. அவள் கடைக்குப் போகக் காத்துக்கொண்டிருக்கிறாள்.

அம்மா